சூடேறாத வண்டி

மேட்டுப்பாளையத்துக்கு மோட்டார் வந்த புதிது. மாட்டு வண்டியை விட்டுவிட்டு எஸ்டேட் துரையின் காரைப் பிடித்த நஞ்சப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மெக்கானிக் சவரிமுத்துவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவனை வாய் நிறைய "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்.

நஞ்சப்பனுக்கு ஒரு பெருமை உண்டு. மூன்று வருஷத்தில் அவர் ரேடியேட்டரில் ஒரு தரம்கூட ஆவி கிளம்பியதில்லை. ஓடை கண்ட இடமெல்லாம் நிறுத்தி, வெதுவெதுப்பு தட்டும் முன்பே தண்ணீரை மாற்றிவிடுவார். வீட்டிலும் அதே வைத்தியம்தான். குன்னூரில் கட்டிக்கொடுத்த மகள் மாராத்தா, புருஷன் அடிக்கிறான் என்று இரண்டு முறை ஆள் விட்டாள். இரண்டு முறையும் "பொறுத்துப் போ அம்மிணி" என்று சொல்லியனுப்பினார். மருமகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன மனுஷனோ!

மார்கழியில் ஒரு காலை மகளிடமிருந்து மூன்றாவது முறையாக ஆள் வந்தான்.

"காதுல ரத்தமுங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுச்சு."

நஞ்சப்பன் துரையிடம் கெஞ்சிக் காரை வாங்கினார். ஒரு மாதமாகவே அது சரியாக இழுக்கவில்லை. அதனால் சவரிமுத்துவையும் ஏற்றிக்கொண்டார். மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் வண்டி முக்கியது, இருமியது, நின்றே போனது.

நஞ்சப்பன் ஓடைத் தண்ணீரோடு ஓடிவந்தார். சவரிமுத்து ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தான்.

"அதைக் கீழ வைங்கண்ணா. சில்லுனு கெடக்குது."

"குளுந்திருந்தா நல்லதுதானுங்களே வாத்தியாரே?"

"கொதிச்சாலும் கெடும். சூடே இல்லாட்டியும் ஏறாது. பெட்ரோல் எரியாம எஞ்சின் எண்ணெயில போய்க் கலக்குது."

கோணிச்சாக்கால் ரேடியேட்டரைப் பாதி மூடினான். கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பி, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டான்.

"போலாமுங்களா?"

"இருங்க. சூடேறட்டும்."

நஞ்சப்பன் பாதையில் அங்குமிங்கும் நடந்தார். மலை மேலே பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து சவரிமுத்து அவர் கையைப் பிடித்து ரேடியேட்டரில் வைத்தான். சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டி எந்த வளைவிலும் தயங்கவில்லை.

"மூணு வருசம் இப்படியே ஓட்டிட்டனே. உள்ள எவ்வளவு கெட்டிருக்கும் வாத்தியாரே?"

"பாதையப் பாருங்கண்ணா" என்றான் சவரிமுத்து.

குன்னூரில் மாராத்தா வாசற்படியில் துணி மூட்டையோடு, முகத்தை மறுபக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மிணி!"

அவள் திரும்பவில்லை. பக்கத்தில் போய், "மாராத்தா, அப்பன் வந்துட்டேன்" என்றார். அப்போதும் திரும்பவில்லை.

"எம்மேல கோவம் போல வாத்தியாரே."

அவர் நின்ற பக்கத்துக் காதின் கீழே, அவள் கழுத்தில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சவரிமுத்து பார்த்தான்.

"கோவமில்லீங்ண்ணா. அந்தக் காது கேக்கல. இந்தப் பக்கம் வந்து கூப்பிடுங்க."