மரநாய் கேட்ட கைம்மாறு

அருவிக்கரைக் காட்டில், ஓர் உயரமான மரத்தின் பொந்துக்குள் பெண் இருவாச்சி ஒன்று இருந்தது. இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேற்றால் பூசி அடைத்துவிடும். இறகுகளையும் உதிர்த்துவிடும். சின்ன துவாரம் ஒன்றுதான் மிச்சம். அதன் வழியே ஆண் பழம் ஊட்டும்.

அந்த ஆண் இருவாச்சி ஒருநாள் வேடன் வைத்த கண்ணியில் மாட்டிக்கொண்டது. அந்த வழியே வந்த மரநாய் ஒன்று கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டது.

"உயிருள்ளவரை மறக்க மாட்டேன் அண்ணே!" என்றது இருவாச்சி.

மூன்றாம் நாளே மரநாய் வந்து நின்றது.

"தம்பி, குஞ்சு பொரிச்சிருக்காமே! அந்தச் சேற்றுச் சுவரைக் கொஞ்சம் கொத்தி உடைச்சுவிடு. இளங்கறி தின்னு நாளாச்சு!"

"விளையாடுறியா அண்ணே?"

"விளையாட்டா! நான் இல்லேன்னா நீ இந்நேரம் எவன் சட்டியிலோ கொதிச்சிருப்பே. நன்றி கெட்டவனே!"

அதோடு விட்டதா? காடு முழுக்கச் சொல்லித் திரிந்தது. இருவாச்சி அத்திப்பழம் பறிக்கப் போன இடத்தில் குரங்குகள், "வந்துட்டான்யா நன்றி கெட்டவன்!" என்று கெக்கலித்தன.

அந்தச் சொல் இருவாச்சியை முள்ளாய்க் குத்தியது. நாம் அப்படித்தானோ என்று உள்ளுக்குள் மருகியது.

"என்னங்க, பழத்தை வச்சுக்கிட்டு என்ன யோசனை? பிள்ளை கத்துறான்!" என்றது உள்ளே இருந்த பெண். விஷயத்தைக் கேட்டதும் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உதவி வாங்கினது நீங்க. உங்க இறகைப் பிடுங்கிக் கொடுங்க, வேண்டாங்கலை. என் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க நீங்க யாரு?"

இருவாச்சிக்குத் தெளிவு பிறந்தது. மறுநாள் குரங்குகளைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு மரநாய் வந்தது.

"முடியாது!" என்றது இருவாச்சி. "என் உயிரைக் கேள், தர்றேன். பிள்ளையோட உயிர் என்னுடையது இல்லை!"

"நீ தராட்டி என்ன, நானே எடுத்துக்கிறேன். இறகில்லாதவ என்னத்தைக் கிழிச்சிடப் போறா!"

மரநாய் மரமேறித் துவாரத்துக்குள் மூக்கை நுழைத்தது. இறகுதானே உதிர்ந்திருந்தது? அலகு அப்படியேதான் இருந்தது! பெண் இருவாச்சி மூக்கைக் கவ்வியது. வலியில் துள்ளிய மரநாயின் கால்கள் வழுக்கின. கீழே கூர்ப்பாறை. மூக்கில் தொங்கியபடி, "ஐயோ, அம்மா!" என்று அலறியது.

"விட்டுடவா?" என்பதுபோல் பெண் ஓர் உலுக்கு உலுக்கியது.

"விட்டுடாதே!" என்று கத்தியது ஆண். "இவன் என்னைக் காப்பாத்தினவன். கால் ஊன்றட்டும்!"

பறந்துபோய்த் தன் முதுகை அதன் காலுக்குக் கீழே முட்டுக்கொடுத்தது. மரநாய் பட்டையைப் பற்றிக்கொண்ட பிறகே அலகு திறந்தது.

"அண்ணே, உயிருக்கு உயிர் சரியாப்போச்சு. போய் வா!"

மரநாய் வீங்கிய மூக்கோடு இறங்கி ஓட்டம் பிடித்தது.

"உயிரைக் காப்பாத்தினாங்க, திரும்பிக்கூடப் பார்க்காமப் போறான் பாரு, நன்றி கெட்டவன்!" என்று குரங்குகள் கிளைகளைக் குலுக்கிக் கூவின. ஆண் இருவாச்சி அலகின் மேலிருந்த கொம்பை நிமிர்த்தி, காடு அதிர ஒரு குரல் கொடுத்தது.

நன்றிக்கடன் என்று சொல்லி ஒருவன் அநியாயம் கேட்டால் மறுப்பது நன்றிகேடு ஆகாது. அவனே ஆபத்தில் தவிக்கும்போது கைவிடுவதுதான் நன்றிகேடு.