கூழ்ப்பானைக்கு வந்த கூட்டாளி

ஒரு தகரப் பெட்டிக்குள் நாற்பது கார்டுகள் குடியிருந்தன. கோயம்புத்தூரில் இருக்கும் பிரிசில்லா என்ற பெண்ணின் பெட்டி அது. வாரநாட்களில் அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்டுப் போட்டிக்குக் கிளம்பிவிடுவாள்.

ஆட்டம் எளிதானதுதான். ஆளுக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு இருபது கல். எதிரியின் இருபது கல்லையும் முதலில் தள்ளுகிறவருக்கு வெற்றி. களத்தில் விழுந்த கார்டு சுடுகாட்டுக்குப் போகும். சேனையில் நாற்பது பேர்தான் இருக்கலாம். புதிதாக ஒருவர் வந்தால் பழைய ஒருவர் வெளியே போக வேண்டும். இந்தக் கடைசி விதிதான் பெட்டிக்குள் எல்லோருடைய நிம்மதியையும் கெடுத்தது.

அதிலும் கூழ்ப்பானைக்கு ஏழு வருஷமாக நிம்மதி என்பதே கிடையாது. இடித்தளபதி ஓர் அடியில் ஐந்து கல்லைத் தள்ளுவார். ஒற்றன் எதிராளியின் கையில் இருப்பதை எட்டிப் பார்த்துச் சொல்வான். பானைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நினைத்தபோது தானே உடைந்து, சூடான கூழைக் கொட்டி, ஒரே ஒரு கல்லைத் தள்ளும். அப்புறம் நேரே சுடுகாடு. மற்றவர்கள் அதை உப்புக்குச் சப்பாணி என்றார்கள். பிரிசில்லா முதன்முதலில் பிரித்த பாக்கெட்டில் வந்த கார்டு என்ற ஒரே பாசத்தில்தான் அதன் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புதுக் கார்டு ஒன்று வந்து இறங்கியது. பெயர் எதிரொலி. உடம்பெல்லாம் மினுமினுப்பு.

இடித்தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"தம்பி, உன் பலம் எத்தனை?"

"பூஜ்யம்ங்க."

"காவல்?"

"அதுவும் பூஜ்யம்தாங்க."

"அப்புறம் எதுக்குய்யா வந்தே?"

"சுடுகாட்டுக்குப் போறவங்களை மறுபடி களத்துக்குக் கூப்பிடுவேனுங்க. அது ஒண்ணுதான் தெரியும்."

பெட்டியே குலுங்கிச் சிரித்தது. "நான் விழுற ஆள் இல்லை. எவனாவது வந்து வெட்டினாத்தான் உண்டு. அப்படியே விழுந்தாலும் சும்மா விழமாட்டேன், எதிரியோட மூணு கல்லையும் சேர்த்து இழுத்துக்கிட்டுத்தான் விழுவேன். உன் உதவி யாருக்கு வேணும்?" என்றார் தளபதி.

எதிரொலி தலையைக் குனிந்துகொண்டு ஒரு மூலைக்குப் போனது. அந்த மூலையில்தான் பானை உட்கார்ந்திருந்தது.

"அக்கா, நீங்க உடைஞ்சா என்ன ஆகும்?"

ஏழு வருஷத்தில் பானையிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஒரு கல்லு விழும், கண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"அப்புறம் நான் உங்களைக் கூப்பிடுவேன்."

"கூப்பிட்டா வருவேன். மறுபடி உடைவேன். இன்னொரு கல்லு விழும்."

"அப்பவும் கூப்பிடுவேனே?"

"அப்பவும் உடைவேன்."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பக்கத்தில் தூங்குவது போல் பாவனை செய்துகொண்டிருந்த ஒற்றன் சடாரென்று எழுந்தான்.

"டேய் புதுசு, திரும்பு. உன் அடியில என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும்."

திரும்பத் திரும்பக் கூப்பிடும் கார்டுகளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும்' என்பதே அந்த வரி. ஆட்டத்தின் மூக்கணாங்கயிறு அது. ஒற்றன் எதிரொலியின் அடியைப் பார்த்தான். ஓரத்தைப் பார்த்தான். படத்துக்குக் கீழே பார்த்தான்.

"இல்லை" என்றான். "அந்த வரியே இல்லை."

அவன் பேயறைந்தவன் போல் நின்றான். தளபதியின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. பானையோ மனசுக்குள் கணக்குப் போட்டது. ஒரு கல், ஒரு கல், ஒரு கல் என்று இருபதும் விழும்! அதுவும் முதல் சுற்றிலேயே!

அந்த நேரம் பார்த்துப் பெட்டி திறந்தது. பிரிசில்லாவின் விரல்கள் உள்ளே வந்தன. எல்லாரையும் தாண்டி வந்து பானையைப் பிடித்தன.

"இந்தப் பானையை எடுத்துடறேன்டா, முஸம்மில். ஏழு வருஷம் வச்சிருந்தது போதும்" என்றாள் அவள்.

எதிரே அமர்ந்திருந்த நண்பன் முஸம்மில் பரோட்டாவைப் பிய்த்தபடியே, "எப்பவோ எடுத்திருக்கணும்" என்றான்.

"என்னைத் தூக்கிடாதே தாயி! எதிரொலியோட அடியில படி!" என்று பானை கத்தியது. கார்டு கத்தினால் மனிதர் காதில் எங்கே விழப்போகிறது? அவள் பானையை மேஜையில் போட்டாள். புதுக் கார்டை இன்னொரு தடவை பார்க்கலாமென்று எதிரொலியையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். எதிரொலியைத் திரும்பப் பெட்டியில் வைக்கப் போன கை பாதியில் நின்றது. அவள் கண் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் போய்ப் போய் வந்தது.

"டேய் முஸம்மில்... இதுல 'ஒருமுறை மட்டும்'னு எங்கடா இருக்கு?"

முஸம்மில் கையைக்கூடத் துடைக்காமல் குனிந்தான். "இருக்கும், நல்லாப் பாரு... அட, இல்லையே! ஐயோ! இதை எப்படி அச்சடிச்சு வெளிய விட்டாங்க?"

அன்று பெட்டியிலிருந்து வெளியே போனது வேறொரு குட்டிப் படைவீரன். பானை உள்ளேயே இருந்தது.

மறுநாள் போட்டியில் பிரிசில்லாவுக்கு எதிரே உட்கார்ந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அவர் ஒரு வாய் குடித்து மூடியைத் திருகுவதற்குள் அவருடைய கோட்டையில் ஒரு கல்கூட மிச்சமில்லை. இன்னும் ஒரு கார்டுகூட அவர் போட்டிருக்கவில்லை.

"இது... இது செல்லுமா?" என்று கேட்டார் மனிதர்.

நடுவர் வந்து எதிரொலியை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காம் தடவையும் படித்தார். "செல்லும்" என்று சொல்லும்போது அவர் முகத்திலேயே ஈயாடவில்லை.

அன்று பெட்டிக்குள் பானைக்குத்தான் நடு இடம். "இருபது தடவை செத்துப் பொழைச்சேன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தளபதியே நகர்ந்து இடம் கொடுத்தார். "அக்கா இல்லாட்டி நான் ஒண்ணுமே இல்லீங்க" என்று எதிரொலி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது. அது மனசாரச் சொன்ன வார்த்தைதான்.

ஒரே மாதத்தில் ஊர் ஊராக எல்லாப் பெட்டியிலும் பானையும் எதிரொலியும் ஜோடி சேர்ந்தன. ஆட்டம் என்று ஒன்று நடப்பதே நின்றுபோனது. பிறகுதான் ஆட்டத்தை நடத்தும் கம்பெனியின் தடைப்பட்டியல் வந்தது. முஸம்மில் அதைச் செல்போனில் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"தடை போட்டுட்டாங்க."

"எதிர்பார்த்ததுதானே? எதிரொலியை எடுத்து வச்சிடறேன்" என்றாள் பிரிசில்லா.

"எதிரொலி இல்லை. பானைக்குத் தடை."

"என்னது? பானையா? அது என்னடா பண்ணுச்சு?"

"எதிரொலி இருக்கிற பாக்கெட் இன்னும் கடைகடையாத் தொங்குது. அதைத் தடை பண்ணினா எவன் வாங்குவான்? பானை பழசு. அதை இனி யாரு வாங்கப் போறா?"

பெட்டிக்குள் எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது. "எழுத மறந்தவன் எங்கேயோ இருக்கான். எய்தவன் இருக்க அம்பை நோகிறாங்களே!" என்று ஒற்றன் முணுமுணுத்தான்.

பானைக்கு முதலில் விளங்கவே இல்லை. "ஏழு வருஷமா ஒரே ஒரு கல்லைத்தானே தள்ளிக்கிட்டு இருந்தேன்? இன்னைக்கும் அதையேதானே செஞ்சேன்?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டது. பிரிசில்லாவின் விரல்கள் இறங்கின. அவள் பானையை எடுத்து ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு பழைய உறை ஒன்றில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். சுடுகாட்டுக்குப் போனவர்களைத்தான் எதிரொலியால் கூப்பிட முடியும். அலமாரிக்குப் போனவர்களைக் கூப்பிட அதற்கு வழி தெரியாது.

எதிரொலி அன்று முழுவதும் அழுதது. அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் தனியாக இருந்தால் அது பூஜ்யம். அதுவும் அதற்குத் தெரியும். மறுநாள் அது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. பெட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒதுங்கினார்கள். அது நேரே இடித்தளபதியிடம் போய்ப் பணிவாக நின்றது.

"அண்ணே, நீங்க விழுந்தா மூணு கல்லை இழுத்துக்கிட்டு விழுவேன்னு அன்னைக்குச் சொன்னீங்களே?"

தளபதியின் மீசை கீழே தொங்கியது.

"நானா? நான் எப்ப சொன்னேன்? நான் விழுந்தா ஒண்ணுமே விழாது, தம்பி. நான் வெறும் அட்டை."