தண்ணீர் வேண்டாத நெல்

வேளாண் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் ஆய்வுத் திட்டத்தில் மரியபுஷ்பத்துக்கு வயல் வேலை. வறட்சி தாங்கும் என்று இயக்குநர் ஐயா பெருமையடித்த நெல், பத்தே நாளில் காய்ந்துபோகிறது என்று தொட்டியில் வளர்த்துப் பார்த்து எழுதிவிட்டாள், மலாவியிலிருந்து வந்த மாணவி தாண்டிவே.

ஐயாவுக்கு வந்ததே கோபம். உதவித்தொகைக் குழுவைத் தன் வயலுக்கே கூட்டிவந்தார்.

"இருபது நாளாத் தண்ணி கிடையாது. பயிர் எப்படி நிக்குது பாருங்க. இந்தப் பொண்ணு எழுதினது பொய். ஊருக்கு அனுப்பிடலாம்."

தாண்டிவே அழாத குறையாக நின்றாள். தன் வேலை போனாலும் இந்தப் பிள்ளை போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள் மரியபுஷ்பம்.

"பயிருக்கு என்ன செஞ்சேன்னு நீயே சொல்லும்மா" என்றார் ஐயா மரியபுஷ்பத்திடம்.

"வாடுறதைப் பார்க்கப் பொறுக்கலைங்கய்யா. மழைக்கு ஜெபம் பண்ணினேன்."

"கேட்டீங்களா? வெறும் ஜெபந்தான்."

"மூணு நாளாகியும் மழை வரலைங்கய்யா. ஆண்டவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்னு, அன்னிக்கிலிருந்து தினமும் நானே குழாயைத் திறந்து விட்டேன்."

ஐயா வரப்பைப் பார்த்தார். குழுவினர் ஐயாவைப் பார்த்தார்கள்.

தாண்டிவேயின் உதவித்தொகை பிழைத்தது. வயலில் சோதனையை முதலிலிருந்து அவளையே செய்யச் சொன்னார்கள். குழாய்ச் சாவியைத் தன்னிடம் தரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவள் மரியபுஷ்பம்தான். தன் கையின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா என்ன?