தென்னை மரம் போட்ட யுகுலேலே

கழுத்தில் நாலு நரம்பு. வயிற்றில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் ஓர் ஊரின் பெயர். மடியில் வைத்தால் பேசும், மூலையில் வைத்தால் ஊமை. அது என்ன?

மெட்டில்டா டீச்சர் தன் வகுப்பில் புதிதாகச் சேரும் எல்லாரிடமும் இந்த விடுகதையைப் போடுவார்.

சிலர் வீணை என்பார்கள். பலர் கிட்டார் என்பார்கள். ஒன்பது வயது ஜொவிட்டா மட்டும் சட்டென்று, "யுகுலேலே" என்றாள். கிட்டாருக்கு ஆறு நரம்பு ஆயிற்றே.

அவளை அழைத்து வந்திருந்த தாய்மாமன் கஸ்பார் மச்சாது விடையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அது கிடக்கட்டும் டீச்சர். எந்த ஊர்ப் பேரு?" என்று கேட்டார்.

டீச்சர் சிரித்துவிட்டார். கஸ்பார் சிரிக்கவில்லை.

தூத்துக்குடியில் ஒரு சங்குக் கடையின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. சனிக்கிழமை மாலைகளில் பதினோரு பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்து வாசிப்பார்கள். மருமகளைச் சேர்க்க வந்த கஸ்பார் அன்றைக்கே தானும் பன்னிரண்டாவதாகச் சேர்ந்துகொண்டார். இருபது வருஷம் கப்பலில் சமைத்துவிட்டு வந்தவர். சம்மணம் போட முழங்கால் விடவில்லை. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு நாற்பத்தெட்டு.

ஒன்பது சனிக்கிழமைகள் போயின. ஜொவிட்டாவிடம் இன்னும் யுகுலேலே இல்லை. பரீட்சை அட்டையில் நாலு ரப்பர் பேண்டை மாட்டி, அதை நெஞ்சோடு அணைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

வாங்கித் தருவதாகச் சொன்னவர் மாமாதான்.

டீச்சரிடம் விற்பனைக்கு மூன்று யுகுலேலே இருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், ஒன்று மர நிறம். மூன்றும் கஸ்பாரின் கைக்கு எட்டுகிற விலைதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றின் ஓட்டைக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். போன வாரம் இருந்த ஊர்ப் பெயர் இந்த வாரம் மாறியிருக்கும் என்பதுபோல.

"சீனா" என்பார். அடுத்ததை எடுத்து, "வியட்நாம்" என்பார். அதற்கடுத்ததை எடுத்து, "இந்தோனேசியா" என்பார். பெருமூச்சு விட்டு மூன்றையும் வைத்துவிடுவார்.

"என்ன குறை அண்ணே?"

"குறைன்னு இல்ல டீச்சர். இந்தோனேசியாவுல மிளகா நல்லா இருக்கும். வியட்நாம்ல அரிசி நல்லா இருக்கும். மரம் எப்படின்னு நான் பார்த்தது இல்லையே."

"சீனாவுல?"

"பூண்டு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜொவிட்டா மட்டும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவது சனிக்கிழமை, டீச்சர் கஸ்பாரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உங்க மருமக விரலைப் பாருங்க."

பார்த்தார். அட்டையின்மேல் விரல்கள் தடுமாறாமல் இடம் மாறின. எந்த விரல் எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று. ரப்பர் பேண்ட் 'டொப் டொப்' என்றது.

"ஒரு தப்பு இல்ல. சத்தமும் இல்ல" என்றார் டீச்சர். "கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கு. கோயில்ல எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கும். இவ அட்டையை வச்சு வாசிச்சா மாதாவுக்கு மட்டும்தான் கேக்கும்."

கஸ்பாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கு வேண்டியது ஹவாய்ல செஞ்சது டீச்சர். அந்த விலைக்கு ஒரு பழைய பைக்கே வாங்கிரலாம். நம்மால முடியாது. அதான், முடியுற விலையில ஹவாய்க்குக் கிட்டத்துல வர்றது எதுன்னு பாக்கேன்."

"கிட்டத்துலன்னா எப்படி? மேப்புலயா, காதுலயா?"

கஸ்பார் மஞ்சளை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"ஏன் அண்ணே, ஹவாய்தான் வேணும்னு நிக்கீங்க?"

"எங்க அப்பாகிட்ட இருந்தது."

அப்பா தூண்டில்காரர். ஒருநாள் துறைமுகத்தில் நின்ற கப்பலின் மாலுமி ஒருவனுக்கு ஒரு கூடைக் கருவாடு கொடுத்துவிட்டு, அந்தச் சின்ன வாத்தியத்தை வாங்கி வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பினால், குளித்து, சாப்பிட்டு, பின்கட்டில் உட்கார்ந்து அதை மீட்டுவார். பாட்டு என்று ஒன்றும் இல்லை. தட்டில் நெத்திலியைக் கொட்டினால் சலசலக்குமே, அப்படி ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே கஸ்பார் தூங்கிப்போவான்.

அப்பா இறந்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. தங்கச்சிக்கு மூன்று. யுகுலேலேயைக் கரையான் தின்றுவிட்டது.

"அந்தச் சத்தம் தங்கச்சிக்கு ஞாபகம் இல்ல. அம்மாவும் போயிட்டாங்க. இப்ப எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு டீச்சர். எனக்கும் மறந்துட்டா..." என்றார் கஸ்பார்.

டீச்சர் மூன்று யுகுலேலேயையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மச்சாதுங்கிற பேரு எந்த ஊர்ச் சரக்கு அண்ணே?"

"அது போர்த்துகீசியன் விட்டுட்டுப் போனது."

"மச்சாதுன்னு கூப்பிட்டா யாரு திரும்பிப் பாப்பாங்க?"

"நான்தான் பாப்பேன்."

"ஹவாய்க்கும் இது போர்த்துகீசியத் தீவுல இருந்து கப்பலேறிப் போன சாமான்தான்" என்று டீச்சர் யுகுலேலேயைக் காட்டினார். "சரி, கண்ணை மூடுங்க."

கஸ்பார் கண்ணை மூடினார். டீச்சர் ஒன்றை எடுத்து மீட்டினார்.

"இது இல்ல."

இரண்டாவதை மீட்டினார்.

"இதுவும் இல்ல."

மூன்றாவதற்குக் கஸ்பார் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"உங்க அப்பாவோடதுல ஹவாய்னு எழுதியிருந்ததா?"

"எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு. ஒரு தென்னை மரம் மட்டும் தெரியும்." கண்ணைத் திறக்காமலே கஸ்பார் லேசாகச் சிரித்தார். "எங்க பின்கட்டுலயும் தென்னை மரம் உண்டா... அதனால அது தூத்துக்குடியில செஞ்சதுன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கப்பலேறின பிறகுதான் ஒரு துறைமுகக் கடையில ஒரு யுகுலேலே மேல அதே மரத்தைப் பாத்தேன். கீழ ஹவாய்னு போட்டிருந்தது. அட மடையா, இத்தனை வருஷம் ஊரை ஏமாத்திட்டியேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு."

"அப்பா எத்தனை வருஷம் வாசிச்சாரு?"

"ஏழெட்டு வருஷம் இருக்கும்."

"நரம்பு அறாதா?"

"அறாம என்ன? அறுந்துக்கிட்டேதான் இருக்கும்."

"என்ன செய்வாரு?"

"தூண்டில்ல போடுற நைலான் இழை இருக்குல்ல, தங்கூசி, அதைக் கட்டுவாரு. தூண்டில்காரர் வீட்டுல தங்கூசிக்கா பஞ்சம்? வருஷம் திரும்புறதுக்குள்ள நாலு நரம்பும் தங்கூசிதான். அதுல..."

கஸ்பார் கண்ணைத் திறந்தார்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. மர நிற யுகுலேலேயை மடியில் கிடத்தி, அதன் நரம்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

கஸ்பார் படியிறங்கினார். பாதித் தெரு போன பிறகுதான் செருப்பு போடவில்லை என்று தெரிந்தது. திரும்பவில்லை.

வலைக் கடையில் முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கூசி வேணும்."

"எந்த ஊரு தங்கூசி? ஜப்பான் இருக்கு, கொரியா இருக்கு."

"அதெல்லாம் தெரியாது. சீலா மீனுக்குப் போடுறது."

"எவ்வளவு வேணும்?"

கஸ்பார் இரண்டு கையையும் அகல விரித்தார். அப்பா அளப்பது போல. "இப்படி நாலு பாகம்" என்றார்.

அவர் மாடிக்கு வந்தபோது பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எவரும் வாசிக்கவில்லை. கஸ்பார் தங்கூசியை ஒரு முழம் நறுக்கினார். கீழ்க்கட்டையில் முடிச்சுப் போட்டார். தூண்டில் முள்ளுக்குப் போடுகிற முடிச்சு. மறுமுனையை மேலே கொண்டுபோய்ச் சுற்றி, முறுக்காணியைத் திருகினார்.

"ஒண்ணு போதும். மீட்டிப் பாருங்க" என்றார் டீச்சர்.

மீட்டினார்.

அறையில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நரம்பு, ஒரு சத்தம், அவ்வளவுதான். கஸ்பார் மட்டும் அசையாமல் இருந்தார். இன்னொரு தடவை மீட்டினார். அது ஓயும்வரை காத்திருந்தார். மூன்றாம் தடவை மீட்டவில்லை. உள்ளங்கையை நரம்பின்மேல் மெல்ல வைத்துக்கொண்டார்.

கீழே தெருவில் ஒரு மீன்கூடைச் சைக்கிள் மணியடித்துப் போயிற்று.

"இதுதான் டீச்சர்" என்றார். "இதையே வாங்கிக்கிடுதேன்."

"வாசிக்கப் போறது யாரு அண்ணே?"

கஸ்பார் கையிலிருந்த மர நிறத்தைப் பார்த்தார். ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடி பையிலேயே இருந்தது. அதை மற்ற இரண்டின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். மீதித் தங்கூசியை விரலில் சுற்றிக்கொண்டு, பத்து வாரத்தில் முதல் தடவையாகக் கேட்டார்:

"ஜொவி, உனக்கு எது வேணும்?"

ஜொவிட்டா பரீட்சை அட்டையைக் கீழே வைத்தாள். நீலத்தை எடுத்துக்கொண்டாள்.