நாளைய ராஜாவின் அதிரசம்

வெகு காலத்துக்கு முன்னே கரும்பூர்ச் சீமையை மாறப்ப பூபதி என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்பது மரியாதைக்கு, தின்றார் என்பதே நிஜம். அதிரசமாகத் தின்று வயிறு கல்லாய் இறுகிப்போக, அரண்மனை வைத்தியர் எல்லப்பர் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயை நீட்டினார். வாடை மூக்கில் ஏறியதும் ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக்குக் குடிக்கிறேன் என்றார்.

மறுநாளும் நாளைக்குத்தான். சேனாபதி விரூபாட்சிக்கு வைத்தியரைக் கண்டாலே ஆகாது. அவசரம் என்ன, நாளைக்கு மகாராஜாவுக்கு அது தேனாய் இனிக்கும் என்று தினமும் ஒத்து ஊதினார். பத்து நாள் போயிற்று. வலி தாளாத ராஜா ஓலை எழுதினார்: பௌர்ணமிக்குள் வயிறு இளகாவிட்டால் வைத்தியர் தலை போகும். மருந்தைத் தொடாத ராஜாவின் தலைக்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

மடைப்பள்ளியில் சமைக்கும் சிவத்தாள் வைத்தியரின் மனைவி. பௌர்ணமிக்கு முந்தின நாள் ராஜா சபையில் அதிரசம் கேட்டபோது, வெறும் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அதிரசம் எங்கே?"

"நாளைய ராஜாவுக்கு எடுத்து வைத்துவிட்டேன், மகாராஜா."

"அவன் யாரடி?"

"யார் கண்டது? விளக்கெண்ணெயை அவர்தானே குடிக்கப்போகிறார். குமட்டுவதெல்லாம் அவருக்கு, இனிப்பதெல்லாம் உங்களுக்கா? இத்தனை நாளாக அவர் வருவார் வருவார் என்று பார்க்கிறேன். தினமும் நீங்கள்தான் வருகிறீர்கள்."

ராஜா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் நாளைக்கும் நான்தான் வருவேனா?"

"இதே மூக்கோடுதான், மகாராஜா."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ராஜா வெட்கத்தோடு வைத்தியரிடமிருந்து கிண்ணத்தை வாங்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பிறகு சேனாபதியைத் தேடினார். தேன் என்றீரே, நீரும் ருசி பாரும் என்று இரண்டு கிண்ணம் ஊற்றிக் குடிக்கவைத்தார்.

எல்லப்பர் காய்ச்சிய எண்ணெய் லேசுப்பட்டதா? ஒரு நாழிகைக்குள் ராஜாவின் வயிறு கடமுடவென்றது. அவசரமாக எழுந்தவர், அந்த ஓலையை நாளைக்குக் கிழித்துப் போடுவதாகச் சொன்னார்.

சிவத்தாள் வாசலை மறித்து நின்றாள். "எந்த ராஜா கிழிப்பார்?"

ராஜா அங்கேயே ஓலையைக் கிழித்தார், கைக்காப்பையும் கழற்றி அவளிடம் கொடுத்தார், ஓடினார். எப்போதும் அவருக்கு இரண்டடி பின்னால் பவ்வியமாக நடக்கிற சேனாபதி, அன்றைக்கு மட்டும் அவரை முந்திக்கொண்டு ஓடினார்.