புளியமரத்தில் பிடிபட்ட ஏசி கேஸ்

ராஜான்னா ராஜா, அரண்மனைக்கே ஏசி போட்ட ராஜா. ஏசிக்குள் ஓடுகிற கேஸ் வெளியே போனால் வானம் சூடேறி ஊரே வெந்துபோகும் என்று கேள்விப்பட்டு, "யார் கையால் கேஸ் வெளியேறினாலும் அவருக்குச் சிறை" என்று மந்திரியை விட்டுச் சட்டம் எழுதவைத்தார்.

ஒருநாள் சபையில் ஏசி குளிரவில்லை. ராஜாவின் மீசையில் வேர்வை சொட்டியது.

"பெருக்க வந்த மாடத்திதான் கதவைத் திறந்து கேஸை ஓடவிட்டாள்!" என்றார் மந்திரி. "ஏ மாடத்தி, பொழுது சாயறதுக்குள்ள அதைப் பிடிச்சுட்டு வா. இல்லேன்னா சிறைதான்."

சாயங்காலம் மாடத்தி, வாயைத் துணியால் கட்டிய பானையோடு வந்தாள். "பிடிச்சுட்டேன் மகராசா. புளியமரத்துல ஒளிஞ்சிருந்துச்சு."

"பலே! மந்திரியாரே, திறந்து காட்டும்."

மந்திரி துணியில் கைவைத்ததும் மாடத்தி பதறினாள். "பாத்து சாமி! உங்க கையால வெளியேறுச்சுன்னா நீங்கதான் உள்ள போகணும். நீங்க எழுதின சட்டமாச்சே!"

மந்திரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "மகாராஜா, இவ புளுகுறா! இதுல கேஸே இல்ல."

"திறக்காமலே எப்படித் தெரியும்?"

"அதைத்தான் என் வீட்டு ஏசிக்கு மாத்திட்டேனே!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காவலர்கள் அவரை இழுத்துப் போனதும் ராஜா கேட்டார்: "அப்போ பானையில என்னதான் இருக்கு?"

"மோர் மகராசா. கேஸ் திரும்பி வர்ற வரைக்கும் குடிச்சுக்கிட்டு இருங்க."