பட்டத்து யானையின் வைக்கோல் வயிறு

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைச் செங்கண்ணன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். இரண்டு வருடமாய் மழை இல்லை. யானைக்கு வைத்த அரிசியெல்லாம் ஊர்க் கஞ்சித்தொட்டிக்குப் போனதால், பட்டத்து யானைக்கே விலா எலும்பு தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தானிய வணிகர்கள் வருவதாகச் செய்தி வந்தது. அறுவடைக்குப் பிறகு விலை தருவதாகச் சொல்லி அவர்களிடம் நூறு வண்டித் தானியம் வாங்கவேண்டும். கிடைக்காவிட்டால் கஞ்சித்தொட்டி காய்ந்துவிடும்.

“இந்த யானையைப் பார்த்தால் எவன் நம்பித் தருவான்?” என்றான் மன்னன்.

“விலாவைச் சுற்றி வைக்கோல் திணித்து மேலே பட்டுப் போர்த்துகிறேன் மன்னா. மலைபோல நடக்கும்!” என்றார் அலங்கார அதிகாரி அம்பலவாணர்.

“உள்ளதைச் சொல்லியே கேட்கலாமே” என்றார் அமைச்சர் நல்லாதன்.

“அமைச்சருக்கு ஒட்டிய வயிற்றைக் காட்டிப் பிச்சை எடுக்க ஆசை போலும்!” என்றார் அம்பலவாணர்.

சபை சிரித்தது. மன்னனும் சிரித்தான்.

“சரி மன்னா, ஒரே விண்ணப்பம். ஊர்வலத்தில் நம் கொட்டிலில் இருக்கும் கிழட்டுப் பெண் யானையைப் பட்டத்து யானைக்குப் பின்னால் நடக்கவிடுங்கள்” என்றார் நல்லாதன்.

“எதற்கு?”

“அங்கே தெரியும்.”

மன்னனுக்குச் சோறு இறங்கவில்லை. கிழட்டு யானை எதற்கு? மாலை போடவா? மறுபடி கேட்டால் கௌரவக் குறைச்சல். கேட்காவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஊர்வலம் கிளம்பியது. “அடேயப்பா, என்ன யானை!” என்றார் வணிகர் தலைவர் சாத்தப்பன். பின்னால் வந்த கிழட்டு யானை மோப்பம் பிடித்தது. துதிக்கையால் பட்டுத்துணியை விலக்கி, ஒரு பிடி வைக்கோலை இழுத்து வாயில் போட்டது. பிறகு இன்னொரு பிடி. தெருமுனை வருமுன் பட்டத்து யானையின் வயிறு காணாமல் போயிற்று.

“உங்கள் ஊரில் வைக்கோல்போர் நடக்குமோ?” என்று சாத்தப்பன் முகம் சுளித்தார்.

மன்னன் முகம் சிவந்தது. நல்லாதன் முன்னே வந்தார்.

“போர்த்தியது எங்கள் தவறு ஐயா. யானையின் சோற்றை மன்னர் ஊருக்குக் கொடுத்தார், யானை மெலிந்தது. தெருவில் ஒரு பிள்ளையாவது மெலிந்திருக்கிறதா, நீங்களே பாருங்கள்.”

சாத்தப்பன் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “பட்டத்து யானையைப் பட்டினி போட்டு ஊரைக் காத்தவர் சொன்ன சொல் தவறமாட்டார். வண்டிகளை இறக்குங்கள்!” என்றார்.

மன்னன் அமைச்சரைத் தனியே இழுத்தான். “பட்டுத்துணியை நீரே விலக்கியிருக்கலாமே?”

“நான் விலக்கினால் என் தலை போகும் மன்னா. யானையின் தலையை யார் எடுப்பார்?”

மன்னன் வாய்விட்டுச் சிரித்துத் தன் முத்துமாலையை நல்லாதன் கழுத்தில் போட்டான். நழுவப் பார்த்த அம்பலவாணரைக் கூப்பிட்டு, கையில் ஓர் அரிவாளைக் கொடுத்தான்.

“காட்டுக்குப் போய்த் தழை வெட்டி வாரும். இந்த யானையை இனி உள்ளேயிருந்து கொழுக்க வையும்!”